பகுதிநேரப் படிப்பின் விவாதப் பலகையில் என்ன எழுதுவது, எப்போது எழுதுவது?

இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 3:12

எல்லாருக்கும் வணக்கம். தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மூத்தோர் பராமரிப்பு பற்றிய பாடத்தொகுதி. வகுப்பு பெரும்பாலும் இணையத்தில்தான். வாரந்தோறும் ஆசிரியர் விவாதப் பலகையில் ஒரு கேள்வி போடுவார். ஞாயிறு நள்ளிரவுக்குள் நம் கருத்தை எழுத வேண்டும். வேறு இரண்டு பேருக்காவது மறுமொழி தர வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பத்து விழுக்காடு இதற்கு உண்டு.

என் வேலைமுறை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் நிதானமாகக் கணினி முன் உட்கார முடிகிறது. அதற்குள் வகுப்பில் பாதிப் பேர் எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் சொல்ல நினைத்ததை யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அரைத்த மாவையே அரைக்க மனம் வரவில்லை. மறுமொழி எழுதப் போனாலோ, 'நல்ல கருத்து, ஒத்துக்கொள்கிறேன்' என்பதற்கு மேல் கை நகரவில்லை.

மதிப்பெண்ணுக்காக மட்டும் கேட்கவில்லை. வார்டில் தினமும் கண்ணால் பார்ப்பதைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயும் வாயைத் திறக்காமல் இருக்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஜூரோங்வாசி | செவ்வாய், மாலை 6:40

வணக்கம் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் மீண்டும் படிக்க வந்தவன் நான். 2024 மே மாதம் நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு திறன்பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி சேர்த்தார்களே, அதைப் பயன்படுத்தி ஒரு படிப்பில் சேர்ந்தேன். எங்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பலகையைத் திறந்ததும் எழுத ஆரம்பிக்க மாட்டேன். முதலில் எல்லாவற்றையும் ஓட்டமாகப் படிப்பேன். எந்தப் பதிவுக்கு ஒரு மறுமொழிகூட வரவில்லை என்று பார்ப்பேன். முதலில் எழுதியவருக்கும் நன்றாக எழுதுபவருக்கும் பத்துப் பேர் வரிசை கட்டி நிற்பார்கள். பதினோராவது ஆளாக நாம் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத பதிவில் ஏதாவது ஒரு வரி நம் வேலையைத் தொடும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன். அவரும் திரும்ப வந்து பேசுவார். அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது.

நம் சொந்தப் பதிவைவிட மறுமொழியை முதலில் எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. நாலு பேருடன் பேசிய பிறகு நமக்கென்று சொல்ல ஏதாவது தானாக வந்துவிடும்.

கரும்பலகை | செவ்வாய், இரவு 10:25

இப்படிப்பட்ட பலகைகளை நடத்தும் பகுதிநேர விரிவுரையாளர் நான். தங்கை கேட்டிருக்கும் கேள்வியை எல்லா மாணவர்களும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பதிவு நல்ல பதிவா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: அதைப் படித்தவர் பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா? எவ்வளவு நீளம், எத்தனை மேற்கோள், எவ்வளவு அழகான மொழி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 'மூத்தோர் வீட்டில் விழுவதைத் தடுக்க என்ன செய்யலாம்?' என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டுப் பதிவுகள் இப்படித்தான் வரும்:

'சிங்கப்பூர் வேகமாக மூப்படைகிறது. 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டமான ஈஸ் திட்டத்தின்கீழ் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தப்படுகின்றன. குளியலறைத் தரை வழுக்காதபடி செய்யப்படுகிறது. குடும்பத்தினரிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவதும் முக்கியம்.'

இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இதற்கு யார் என்ன பதில் எழுத முடியும்? தலையாட்டத்தான் முடியும். நீங்கள் 'நல்ல கருத்து' என்று எழுதிவிட்டு நகர்வது உங்கள் குறை இல்லை. எதிரே இருக்கும் பதிவு வேறு எதற்கும் இடம் தரவில்லை.

இப்போது இதைப் பாருங்கள்:

'கம்பி குளியலறையில் இருக்கிறது. என் வார்டுக்கு வரும் மூத்தோர் பலர் விழுந்தது படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், இரவில், விளக்கைப் போடாமல் நடக்கும்போது. பிள்ளைகளை எழுப்ப வேண்டாம் என்று விளக்கைப் போடுவதில்லை என்கிறார்கள். இந்தப் பத்தடி தூரத்தை எப்படிப் பாதுகாப்பாக்குவது? வீட்டுப் பராமரிப்பில் வேலை பார்ப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தை மருத்துவரிடம் பேசிக் காலை நேரத்துக்கு மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?'

முதல் பதிவைவிட இது கொஞ்சம்தான் நீளம். ஆனால் வீட்டுப் பராமரிப்புத் தாதி பதில் சொல்லலாம், மருந்தாளர் சொல்லலாம், அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவரும் சொல்லலாம். எழுதியவர் தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். எங்கே தனக்கு வழி தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. எத்தனை பேர் முன்னால் எழுதியிருந்தாலும் இதை இன்னொருவர் ஏற்கெனவே எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. தாமதமாக வருவதால் உங்களுக்கு எந்த நட்டமும் கிடையாது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000ஆம் ஆண்டில் இணையவழிக் கலந்துரையாடல் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். பேச்சு நான்கு படிகளில் வளரும் என்றார்கள்: ஒரு சிக்கல் எழுவது, அவரவர் தகவலையும் கருத்தையும் கொண்டுவந்து கொட்டுவது, அவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்துப் பார்ப்பது, பிறகு ஒரு தீர்வை எட்டிச் சோதிப்பது. அதன் பிறகு பலர் பலகைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான பேச்சு இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவதைக் கண்டார்கள். நானும் வாராவாரம் அதைத்தான் காண்கிறேன். எல்லாரும் கொட்டுகிறார்கள், இணைப்பதற்கு ஆளில்லை. சனிக்கிழமை வரும் உங்களால் அதைச் செய்ய முடியும். 'இவர் மருந்து என்கிறார், அவர் விளக்கு என்கிறார், இரண்டுக்கும் பின்னால் இருப்பது இரவில் எழுந்திருக்கும் பழக்கம்தானே' என்று மூன்று பதிவுகளைச் சேர்த்து ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் மனம் குளிர்ந்துபோவார்.

ஈசூன்_தம்பி | புதன், காலை 7:50

கரும்பலகை டீச்சர் சொன்னதைப் பெருவிரைவு ரயிலில் இரண்டு முறை படித்தேன். நன்றி.

நடைமுறை விஷயங்கள் சில. நான் பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிக்கிறேன். லண்டனில் ஞாயிறு இரவு 11:59 என்றால் இங்கே கோடையில் திங்கள் காலை 6:59, குளிர்காலத்தில் 7:59. தளத்தின் அமைப்பில் நேர மண்டலத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றிவிட்டால் கணக்குப் போட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படிப்பில் சேர்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

மூடுல் என்ற இணையப் பாடத் தளத்தில் பதிவைப் போட்ட பிறகு திருத்த வழக்கமாக முப்பது நிமிடம் தருகிறார்கள். நிர்வாகி மாற்றியிருந்தால் வேறுபடும். அந்த அவகாசம் முடிந்தால் நாமாகத் திருத்த முடியாது. அதனால் போட்டதும் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. கைப்பேசியில் எழுதுபவர்கள் நேராகப் பலகையின் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். சுரங்கத்துக்குள் இணைப்பு அறுந்தால் எழுதியதெல்லாம் போய்விடும். குறிப்புச் செயலியில் எழுதி, பிறகு ஒட்டுங்கள்.

இரவுப்பணி அக்காவுக்கு இன்னொன்று: வேலைக்குப் போகும் வழியில் படிப்பது, வீட்டுக்கு வந்து எழுதுவது என்று பிரித்துக்கொண்டால் பாரம் குறையும். கேள்வியை முன்னதாகவே படித்துவிட்டால் வார்டில் வேலை பார்க்கும்போதே மனம் அதற்குப் பதில் தேட ஆரம்பித்துவிடும்.

பொங்கோல்_அப்பா | புதன், மதியம் 1:05

எல்லாரும் மாணவரைத்தான் திருத்தப் பார்க்கிறீர்கள். பலகையை அமைப்பவர்கள் மேல் யாரும் கைவைக்கவில்லையே.

'ஒரு பதிவு, இரண்டு மறுமொழி' என்ற விதிதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். பேச ஒன்றும் இல்லாதவரையும் பேச வைக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல்தான் பலகை விழித்துக்கொள்கிறது. அப்போது போடுவதை யார் படிக்கிறார்கள்? திங்களன்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். என் வகுப்பில் வரிசையாகப் பல பதிவுகள் ஒரே வார்ப்பில் வருகின்றன. கேள்வியையே திருப்பிச் சொல்லும் முதல் வரி, நடுவில் மூன்று கருத்துகள், கடைசியில் 'சமநிலை அவசியம்' என்ற முடிவு. அதற்கு மறுமொழியும் இயந்திரமே எழுதுகிறது. மனிதர்கள் நடுவில் எதற்கு? கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். பேச விரும்புகிறவர்கள் பேசட்டும்.

கரும்பலகை | புதன், இரவு 9:48

அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒரே கெடு வைப்பது தவறு. சொந்தக் கருத்துக்குப் புதன்கிழமை, மறுமொழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு கெடு வைத்தால் பேச்சு வாரம் முழுவதும் பரவும். கேன்வாஸ் என்ற பாடத் தளத்தில் தன் பதிவைப் போட்ட பிறகே மற்றவர்கள் எழுதியது தெரியும்படி ஆசிரியர் அமைக்கலாம். மூடுலிலும் 'கேள்வி பதில்' வகைப் பலகை உண்டு. அதில் தங்கை சொன்ன 'எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்' என்ற கவலை எழாது. (ஜூரோங்வாசி அண்ணன் சொன்ன 'மறுமொழியை முதலில் எழுதுவது' அங்கே செல்லாது. பலகையின் அமைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

கட்டாயத்தை எடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எடுத்துப் பார்த்திருக்கிறேன். எப்போதும் பேசும் நாலைந்து பேர் மட்டும் பேசினார்கள். வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் தடுமாறும் பெரியவர்கள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் வரும் தாய்மார்கள் எல்லாரும் காணாமல் போனார்கள். இந்தப் பலகையே அவர்களுக்காகத்தான். யோசித்து, எழுதி, திருத்தி, பிறகு பேசலாம் என்ற வாய்ப்பு நேரடி வகுப்பில் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இயந்திரம் பற்றி: ஒவ்வொரு பாடத்துக்கும் விதி வேறு. பாடக் குறிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விதி அனுமதித்தாலும் பலகையில் அதை எழுத விடுவதால் நட்டம் எழுதுபவருக்கே. இரவில் விளக்கைப் போடாமல் நடக்கும் பாட்டியை அது பார்த்ததில்லை.

பொங்கோல்_அப்பா | வியாழன், காலை 8:15

கடைசி வரியில் எனக்கும் உடன்பாடுதான். கட்டாயம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. நாலைந்து பேர் மனதாரப் பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். படிப்பதும் பங்கேற்புதான்.

மல்லிகை_தெம்பனிஸ் | வியாழன், மாலை 5:30

பாலர் பள்ளி ஆசிரியை நான். இரண்டு விதமான பலகைகளையும் பார்த்திருக்கிறேன். வேலைக்கான படிப்பு ஆங்கிலத்தில். பிறகு ஆசைக்காகச் சேர்ந்த ஒரு தமிழ் இலக்கியப் படிப்பு தமிழில்.

ஆங்கிலப் பலகையில் நம்மவர்கள் தயங்குவதை நேரில் கண்டிருக்கிறேன். இலக்கணம் பிழையாகிவிடுமோ என்று எழுதியதை அழித்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு பதிவில் ஒரு விஷயம் போதும். தேர்வுக் கட்டுரை போல நீட்டி முழக்கிய பதிவைப் படிப்பவர்கள் குறைவு. கோர்வையாக இல்லாவிட்டாலும், 'என் வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளை இப்படிச் செய்தது' என்று தொடங்கினால் எல்லாரும் நின்று படிப்பார்கள்.

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. வயதில் மூத்தவர் எழுதியதை மறுத்து எழுத நமக்குக் கை வராது. வீட்டில் அப்படி வளர்த்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மறுப்பே இல்லாத பலகையில் யாரும் எதையும் புதிதாகக் கற்பதில்லை. நான் கண்டுகொண்ட வழி, ஆளை விட்டுவிட்டு ஒரு வரியை எடுத்துக்கொள்வது. அவர் எழுதிய அந்த வரியை அப்படியே மேற்கோளாகப் போடுவேன். அது எந்த இடத்தில் சரியாக வருகிறது என்று முதலில் சொல்வேன். பிறகு, என் பள்ளியில் ஏன் அது எடுபடவில்லை என்பதை நடந்தது நடந்தபடி எழுதி, 'உங்கள் பள்ளியில் இதை எப்படிச் சமாளித்தீர்கள், அக்கா?' என்று கேட்பேன். மரியாதையும் குறையாது, மாற்றுக் கருத்தும் சொல்லியாகிவிடும். பலமுறை அந்த அக்காமார்கள், தங்கள் பள்ளியிலும் சிக்கல் இருந்ததை அப்போதுதான் மனம்விட்டு எழுதினார்கள்.

மறுமொழியில் பெயர் சொல்லி அழைப்பதும் முக்கியம். சீனத் தோழியோ மலாய்த் தோழரோ, அவர்கள் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார்கள் என்பதை அறிமுகப் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதை மட்டும் எடுத்துக் கூப்பிட்டால் அந்நியமாக இருக்கும்.

பொங்கோல் அண்ணா, படிப்பதும் பங்கேற்பு என்றீர்கள். படிப்பவருக்கு அது சரிதான். எழுதியவருக்கு யாராவது படித்தார்களா என்பதே தெரியாமல் போய்விடுகிறதே.

இரவுப்பணி | வெள்ளி, காலை 11:20

இரவு வேலை முடித்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். நெஞ்சார்ந்த நன்றி. இந்த வாரக் கேள்வியும் கிட்டத்தட்ட டீச்சர் சொன்னதுதான். நான் எழுதி வைத்திருப்பதன் சாரம் இது:

'எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. இல்லப் பணிப்பெண் பக்கத்து அறையில் தூங்குகிறார். பாட்டிக்கு அழைப்பு மணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் பகல் முழுக்க வேலை செய்து களைத்திருப்பாள், எழுப்பினால் பாவம் என்று பாட்டி மணியை அடிக்கவில்லை. தனியாக எழுந்து போய் விழுந்தார். கருவி இருந்தும் இரக்கத்தால் அதைப் பயன்படுத்தாத மூத்தவரிடம் நாம் எப்படிப் பேசுவது?'

ஒரு சந்தேகம். நோயாளியின் பெயரைப் போடவில்லை. இது போதுமா?

பதிவேடு | வெள்ளி, பிற்பகல் 2:45

மருத்துவப் பதிவேடுகளோடு வேலை செய்பவன் என்பதால் இதில் தலையிடுகிறேன். பெயரை எடுத்தால் மட்டும் போதாது, சகோதரி.

வகுப்பில் உங்களோடு படிப்பவர்களில் பலர் சுகாதாரத் துறையினர். நீங்கள் எந்த மருத்துவமனை என்பது அவர்களுக்குத் தெரியும். அதோடு சரியான வயது, விழுந்த நாள், வார்டு, புளோக் எண், அரிதான நோய் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலே ஆள் யார் என்று புரிந்துவிடும். சிங்கப்பூர் சிறிய ஊர். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். அதற்கு மேல், நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் தொழில் கடமை உங்களுக்கு உண்டு. உங்கள் மருத்துவமனையின் விதிகளும் உண்டு. ஐயம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பதிவில் 'எழுபத்தெட்டு' வேண்டாம். 'வயதான ஒருவர்' போதும். இல்லப் பணிப்பெண்ணும் மணியும் கேள்விக்கு உயிரானவை, அவை இருக்கட்டும். இப்படி மணியை அடிக்காதவர்களை நீங்கள் வேறு இடங்களிலும் பார்த்திருந்தால், பலரையும் சேர்த்துப் பொதுவாக எழுதுவது இன்னும் பாதுகாப்பு. கைப்பேசியில் எடுத்த படம் எதையும் இணைக்க வேண்டாம், முகம் தெரியாவிட்டாலும்.

ஜூரோங்வாசி | வெள்ளி, இரவு 8:10

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் தாயார் நினைவுக்கு வந்துவிட்டார். பலகையில் போடுங்கள். நான் உங்கள் வகுப்பில் இல்லை, அதனால் இங்கேயே மறுமொழி தருகிறேன். 2024 ஏப்ரலில் ஈஸ் திட்டத்தை விரிவாக்கியபோது பல புதிய வசதிகளைச் சேர்த்தார்கள். மடக்கி வைக்கும் குளியல் இருக்கை, இருட்டிலும் தெரியும்படி சிறிய விளக்கு எரியும் அகலமான விசை ஆகியவையும் அதில் உண்டு. விசை எங்கே என்று தெரிந்தால் யாரையும் எழுப்பாமல் தானே விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பாட்டியின் பிரச்சினை விளக்கு மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பகலில் ஓய்வு கிடைக்கிறது என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தால் மணியை அடித்திருப்பாரோ? பராமரிப்பாளரின் ஓய்வு நேரத்தை அட்டவணையில் எழுதிப் பாட்டி கண்ணில் படும்படி மாட்டிய குடும்பங்கள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவுப்பணி | சனி, பிற்பகல் 4:05

வயதை எடுத்துவிட்டுப் போட்டுவிட்டேன். அண்ணன் சொன்ன ஓய்வு நேரத்தையும் கேள்வியாகச் சேர்த்தேன். இதுவரை மூன்று மறுமொழிகள். ஒருவர் இல்லப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாராம். இரவில் எத்தனை முறை எழுப்பப்படுகிறார்கள் என்பதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். இப்படி ஒரு பக்கம் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. இன்று மாலை அவருக்குப் பதில் எழுதப் போகிறேன்.

ஈசூன்_தம்பி | சனி, மாலை 6:30

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, அக்கா. டீச்சரிடம் ஒரு கேள்வி. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், கேள்வியோடுதான் முடிக்கிறேன். ஆனாலும் சில வாரங்களில் ஒருவரும் மறுமொழி தருவதில்லை. அப்போது என்ன செய்வது?

கரும்பலகை | சனி, இரவு 10:02

ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள் தம்பி. வராவிட்டால் மூன்று வழிகள் உண்டு. உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வரும் விஷயத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே போய் மறுமொழி எழுதி, 'நானும் மேலே இதையே கேட்டிருக்கிறேன், உங்கள் கருத்து என்ன?' என்று அழையுங்கள். அல்லது உங்கள் பதிவுக்கு நீங்களே தொடர்ச்சி எழுதுங்கள்: பாடநூலில் பிறகு கண்டது, வேலையிடத்தில் அந்த வாரம் நடந்தது. புதிய தொடர்ச்சி வந்தால், அந்த இழைக்கு (பதிவும் அதன் மறுமொழிகளும் சேர்ந்த தொடருக்கு) அறிவிப்பு வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும், சிலராவது திரும்பி வருவார்கள். இரண்டும் பலிக்கவில்லை என்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை. நல்ல கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்தால், அதை அடுத்த நேரடி வகுப்பில் நானே எடுத்து வைத்துப் பேசியிருக்கிறேன்.

பலகையில் 'சந்தா' என்ற பொத்தான் இருக்கும். நீங்கள் மறுமொழி எழுதிய இழைகளுக்கு மட்டும் அதை அழுத்தி வையுங்கள். எல்லாவற்றுக்கும் அழுத்தினால் மின்னஞ்சல் குவிந்து, கடைசியில் எதையுமே திறக்க மாட்டீர்கள்.